ஸ்பீக்கரில் கேட்கும் வேண்டாத சத்தம்: எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டு எதுவும் ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், முதல் பழி ஸ்பீக்கரின் மீதுதான் விழும். உண்மையில் ஸ்பீக்கர் தன்னிச்சையாக எதையும் உண்டாக்குவதில்லை. ஆம்ப்ளிஃபையர் அனுப்பும் மின் அலையைக் காற்றின் அசைவாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை என்பதால், அந்த அலையோடு கலந்து வரும் எதையும் அது பாட்டோடு சேர்த்தே வெளியிடும். எனவே அந்தக் கலப்படம் எந்த இடத்தில் நுழைந்தது என்பதைத்தான் நாம் தேட வேண்டும். நல்லவேளையாக, சத்தத்தின் தன்மையே பாதி விடையைச் சொல்லிவிடும். அடிக்குரலில், ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று நிற்கும் ரீங்காரம் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தோடு தொடர்புடையது. 'உஸ்ஸ்' என்ற சீறல் மின்னணுச் சுற்றுகளுக்குள் பிறப்பது. 'கரகர', 'சடசட' என்று விட்டுவிட்டு வந்தால் எங்கோ தொடுப்பு சரியில்லை. பாட்டில் குறிப்பிட்ட ஒரு தாழ்ந்த சுரம் வரும்போது மட்டும் 'டிர்ர்ர்' என்று கேட்டால், ஒயர்களை விட்டுவிட்டு அறையில் உள்ள சாமான்களைப் பார்க்க வேண்டும்.

தேடத் தொடங்கும்போது, காதை ஸ்பீக்கருக்கு அருகிலும் பிறகு ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு அருகிலும் கொண்டுபோய்க் கேட்பது நல்லது. சில நேரங்களில் ரீங்காரம் ஸ்பீக்கரிலிருந்து வருவதே இல்லை. ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் அதிர்வதால் பெட்டியே உறுமிக்கொண்டிருக்கும். அது இயந்திர அதிர்வு. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிய பிறகும் அது தொடரும். எத்தனை கேபிள்களை மாற்றினாலும் அது குறையப்போவதில்லை. பெட்டியின் திருகுகளை இறுக்குவதும், கால்களுக்கு அடியில் ரப்பர் வைப்பதும் ஓரளவு உதவும்.

சத்தம் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியானால், அடுத்துச் செய்ய வேண்டியது மிக எளிய, ஆனால் மிகப் பயனுள்ள சோதனை. பாட்டை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழை மெதுவாகத் திருப்ப வேண்டும். வால்யூமைக் கூட்டும்போது சத்தமும் கூடினால், அது குமிழுக்கு முன்னாலிருந்து, அதாவது டி.வி., கணினி, செட்-டாப் பாக்ஸ் போன்ற ஒலி மூலங்களிலிருந்தோ அவற்றை இணைக்கும் கேபிள்களிலிருந்தோ வருகிறது. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகும் சத்தம் மாறாமல் நின்றால், அது குமிழுக்குப் பின்னால் உள்ள பகுதியில், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரின் மின்வழங்கியில் இருக்கிறது. இந்த ஒரு சோதனையால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சத்தம் குமிழோடு கூடிக் குறைகிறது என்றால், பின்பக்கம் செருகியிருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்த ஒயரைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, அதன் மறுமுனையில்தான் சிக்கல். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஆர்.சி.ஏ. எனப்படும் சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஒயர்களில், செருகும்போது நடுவில் உள்ள ஊசி முதலில் தொடும், வெளி வளையம் அதற்குப் பிறகே தொடும். கழற்றும்போது வெளி வளையம்தான் முதலில் விலகும். அந்த ஒரு கணத்தில் காது கிழியும் அளவுக்கு ஒரு பெரும் உறுமல் ஸ்பீக்கரில் பாய்ந்து, அதைச் சேதப்படுத்தவும் கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனாலும் வேறு வழியில்லை.

வீடுகளில் அதிகம் கேட்கும் சத்தம் அடிக்குரல் ரீங்காரம்தான் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தத்தில், திசை மாறி மாறி, வினாடிக்கு 50 முழுச் சுழற்சிகளாக ஓடுகிறது. ஆகவே மின்சாரத்தால் வரும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலோ அதன் மடங்குகளிலோதான் ஒலிக்கும். செல்பேசியில் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹெட்ஃபோன் வழியாக 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, ஸ்பீக்கரில் வரும் ரீங்காரம் எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். செல்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை எழுப்ப முடியாது, அதனால்தான் ஹெட்ஃபோன். ரீங்காரம் 100 ஹெர்ட்ஸாக இருந்து, வால்யூம் குமிழுக்கும் கட்டுப்படாமல் நின்றால், ஆம்ப்ளிஃபையருக்குள் மாறுமின்சாரத்திலிருந்து கிடைக்கும் நேர்மின்சாரத்தை, மின்னேற்றத்தைத் தேக்கிவைத்துச் சீர்படுத்தும் பெரிய கெப்பாசிட்டர்கள் வறண்டுபோயிருக்க வாய்ப்பு அதிகம். பல ஆண்டுகள் உழைத்த பழைய செட்டுகளில் இது வழக்கமான நோய். மெக்கானிக்கிடம் கொடுத்து அவற்றை மாற்றிவிட்டால் செட் மறுபடியும் நன்றாக ஓடும். ஆனால் பெட்டியை நாமே திறக்கக் கூடாது, ஏனெனில் பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

ரீங்காரம் வால்யூமோடு கூடிக் குறைந்து, ஏதோ ஒரு ஒயரைக் கழற்றியதும் நின்றுவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப் எனப்படும் எர்த் சுற்று. இதைப் புரிந்துகொண்டால் வீட்டு ஆடியோவின் பாதிப் பிரச்சினைகள் புரிந்துவிடும். நாம் பயன்படுத்தும் மூன்று முனை பிளக்கில், மற்ற இரண்டையும் விடத் தடித்து நீண்டிருக்கும் முனை எர்த். அது கருவியின் உலோக உடலைச் சுவருக்குள் ஓடும் பச்சை ஒயர் வழியாகத் தரையில் புதைத்த எர்த் குழியோடு இணைக்கிறது. ஹாலின் ஒரு மூலையில் ஆம்ப்ளிஃபையரும், எதிர்மூலையில் தனி பிளக் கொண்ட சப்வூஃபரும் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் சுவரின் எர்த் ஒயர் வழியாக ஏற்கெனவே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. இப்போது இரண்டுக்கும் இடையே ஒரு நீண்ட ஆர்.சி.ஏ. ஒயரைச் செருகினால், அதன் உள்கம்பியைச் சுற்றியுள்ள வெளிப்பின்னல் வழியாக இரண்டாவது இணைப்பும் உண்டாகி, ஒரு முழு வளையம் உருவாகிவிடும். இரு வெவ்வேறு பிளக் பாயின்ட்டுகளின் எர்த் அழுத்தம் மிகச் சரியாகச் சமமாக இருப்பதில்லை. நீர்மட்டம் சற்றே வேறுபடும் இரண்டு மேல்நிலைத் தொட்டிகளைக் குழாயால் இணைத்தால் தண்ணீர் ஓடுவதைப் போல, அந்தச் சிறு வேறுபாட்டால் பின்னல் வழியாக 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடத் தொடங்கும்.

ஆர்.சி.ஏ. ஒயரில் வெளிப்பின்னல் வெறும் கவசம் மட்டுமல்ல, பாட்டின் மின் அலை திரும்பிச் செல்லும் பாதையும் அதுதான் என்பதே இங்குள்ள சங்கடம். பின்னலின் மின்தடை 0.1 ஓம் என்றும், அதில் ஓடும் எர்த் மின்னோட்டம் 10 மில்லியாம்பியர் என்றும் எடுத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்க 1 மில்லிவோல்ட் வருகிறது. கேட்பதற்கு மிகச் சிறிய எண். ஆனால் அந்த ஒயரில் வரும் பாட்டின் வழக்கமான அளவே சுமார் 300 மில்லிவோல்ட்தான். மென்மையான ஆலாபனை ஒன்றில் அது சில மில்லிவோல்ட்டாகக் குறைந்துவிடும். அந்த இடத்தில் 1 மில்லிவோல்ட் ரீங்காரம் தம்புராவின் சுருதியைப் போலக் கூடவே கேட்கும், ஆனால் சுருதி சேராது.

இதற்கான முதல் மருந்துக்குக் காசே தேவையில்லை. ஆடியோ தொடர்பான எல்லாக் கருவிகளின் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அந்தப் பெட்டியை ஒரே பிளக் பாயின்ட்டில் இணைக்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான ஆம்ப்ளிஃபையர், டி.வி., சப்வூஃபர் மூன்றும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் தரமான ஒரு பெட்டி தாங்கக்கூடிய அளவுதான். இஸ்திரிப் பெட்டியையும் மிக்ஸியையும் அதில் சேர்க்காமல் இருந்தால் போதும். எர்த் புள்ளிகள் அருகருகே வந்துவிடுவதால் அழுத்த வேறுபாடு வெகுவாகக் குறைந்து, பல வீடுகளில் ரீங்காரம் இதோடு நின்றுவிடுகிறது.

நிற்கவில்லை என்றால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் டி.வி. கேபிள். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒயரின் பின்னல் எங்கோ தொலைவில் எர்த் செய்யப்பட்டிருக்கும். செட்-டாப் பாக்ஸ் வழியாக அந்த எர்த் நம் ஆம்ப்ளிஃபையர் வரை வந்து, வீட்டு எர்த்தோடு சேர்ந்து பெரிய வளையமாகிவிடும். செட்-டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் அந்த ஒற்றை ஒயரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. எர்த் தொடர்பை அறுப்பதற்காகக் கேபிள் ஒயருக்கு நடுவே பொருத்தும் சிறிய ஐசோலேட்டர் ஒன்று இதைத் தீர்க்கும். ஆனால் டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் இதை வாங்கி ஏமாறக் கூடாது. டிஷ்ஷின் நுனியில் உள்ள எல்.என்.பி. என்ற கருவிக்குத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம் அதே ஒயர் வழியாகத்தான் மேலே போகிறது; ஐசோலேட்டர் அதையும் தடுத்துவிடுவதால் படமே வராது.

டி.வி.யையும் ஆம்ப்ளிஃபையரையும் ஆப்டிகல் கேபிளால் இணைப்பது டிஷ் வைத்திருப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நல்ல தீர்வு. இந்தக் கேபிளில் ஒலி ஒளியாகச் செல்கிறது. செம்புக் கம்பியே இல்லாததால் எர்த் சுற்று அந்த இடத்தில் அறுந்துவிடும். இரண்டு கருவிகளிலும் அதற்குரிய சதுரத் துளை இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அது இல்லாதபோது, ஆர்.சி.ஏ. ஒயருக்கு இடையே சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் கொண்ட ஐசோலேட்டர் பெட்டியைப் பொருத்தலாம். மலிவான பெட்டிகளில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு மிகச் சிறியது என்பதால் அடித்தொனி சற்று மெலிந்துபோகும் என்பதை அறிந்தே வாங்க வேண்டும். ஸ்டூடியோக்களில் பயன்படும் எக்ஸ்.எல்.ஆர். ஒயர்களில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே ஒலி இரண்டு உள்கம்பிகளில் நேரும் எதிருமாகச் செல்ல, பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது; இரண்டிலும் ஒரே அளவாக ஏறிய ரீங்காரம் கழிந்துபோகிறது.

எர்த் முனையை உடைத்துவிட்டு, அல்லது இரண்டு முனை அடாப்டரில் செருகி, ரீங்காரத்தை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வளையம் அறுவதால் சத்தம் நிற்பது உண்மைதான். ஆனால் கருவிக்குள் ஒரு ஒயர் நைந்து உலோக உடலைத் தொட்டால், ஃபியூஸைப் போக்கவோ டிரிப்பரை விழவைக்கவோ வேண்டிய மின்னோட்டத்துக்குப் போக வழியில்லாமல், 230 வோல்ட் அந்த உடலிலேயே தொடுபவருக்காகக் காத்திருக்கும். இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

இதற்கு நேரெதிரான நிலையும் நம் வீடுகளில் சாதாரணமாக உண்டு: சுவரில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், ஆனால் அதன் எர்த் துளைக்கு ஒயரே வந்திருக்காது, அல்லது வந்த ஒயர் எங்கோ துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும். கணினியின் மின்வழங்கிக்குள், மின்சாரக் குறுக்கீட்டை எர்த்துக்குக் கடத்துவதற்காகச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் போக இடமின்றி உலோக உடலிலேயே நின்றுவிடும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் 'சுருக்' என்று கிள்ளுவதும், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான். ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பகுதியில் கை பட்டதும் ரீங்காரம் குறைந்தால், பெரும்பாலும் எர்த் இல்லை என்பதற்கு அது அடையாளம். கை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்காமல் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தனி வீடுகளில் எர்த் குழி கோடையில் வறண்டு மின்தடை கூடிவிடும் என்பதால் அதில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது வழக்கம்; அது மறந்துபோன வீடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் ரீங்காரம் தலைகாட்டினால் வியப்பதற்கில்லை.

ரீங்காரம் மென்மையாக இல்லாமல் 'ஜ்ஜ்ஜ்' என்று கூர்மையாக இருந்தால் வீட்டில் உள்ள மற்ற சாதனங்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். மின்விசிறிக்குச் சத்தமின்றித் தொடர்ச்சியாகச் சுழலும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் இருக்கிறதென்றால், அதற்குள் உள்ள டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் மின் அலையை வினாடிக்கு 100 முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுகளின் கூர்முனைகள் ஒயர் வழியாக ஆடியோவுக்குள் புகுந்துவிடும். விசிறி நடுவேகத்தில் ஓடும்போது சத்தம் கூடி, முழுவேகத்திலோ அணைத்த நிலையிலோ மறைந்தால் ஐயமே இல்லை. 1, 2, 3 என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டருக்கு மாறினால் தீர்ந்துவிடும். மின்வெட்டின்போது மட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் சதுர அலை இன்வெர்ட்டரே காரணம். அதன் மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸின் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள் நிறைந்திருப்பதால் விசிறியும் உறுமும், ஸ்பீக்கரும் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இத்தனையும் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய்க்குத் தடித்த பவர் ஒயர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று சொல்லும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. மின்கம்பத்திலிருந்து சுவர் வரை அத்தனை தூரம் சாதாரண ஒயரில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் ஒயர் எவ்வாறு தூய்மைப்படுத்தும்?

கணினியோடு இணைத்த ஸ்பீக்கர்களில் வரும் சத்தத்துக்குத் தனி முகம் உண்டு. மவுஸை நகர்த்தும்போது 'கீச்' என்றும், பக்கத்தை மேலும் கீழும் ஓட்டும்போது 'ஜிர்ர்' என்றும் கேட்டால், கணினிக்குள் வேலைப்பளுவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் மின்னோட்டம் எர்த் பாதையின் வழியாக ஆடியோ வெளியீட்டில் கசிகிறது என்று பொருள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டுப் பார்க்கலாம். சத்தம் உடனே மறைந்தால் வளையம் சார்ஜரின் வழியாகத்தான் மூடியிருக்கிறது. மேசைக்கணினியில் முன்பக்கத் துளையில் செருகிய ஒயரைப் பின்பக்கத் துளைக்கு மாற்றுவதே சில நேரங்களில் போதுமானது.

'உஸ்ஸ்' என்ற சீறலுக்கு வருவோம். மின்தடையுள்ள எந்தப் பொருளிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைந்து ஒரு நுண்ணிய மின்னிரைச்சலை உண்டாக்குகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் என்பவர் அளந்து, நைக்விஸ்ட் என்பவர் கணக்கிட்டு விளக்கிய இந்த முடிவுகள் 1928இல் வெளியாயின. இதை முற்றிலும் ஒழிக்க இயலாது. ஸ்பீக்கரில் உயர்ந்த சுரங்களை எழுப்பும் சிறிய ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கும் சீறல் இயல்பானது. அமரும் இடத்தில் கேட்காவிட்டால் அதை மறந்துவிடலாம். அமரும் இடத்திலும் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வால்யூம்களின் பங்கீடு. கணினியிலோ செல்பேசியிலோ வால்யூமைக் குறைவாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரில் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்பினால், மெலிந்து வரும் பாட்டோடு சீறலும் பல மடங்கு பெருகும். மூலத்தில் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, ஆம்ப்ளிஃபையரில் தேவையான அளவுக்கு மட்டும் திருப்புவதே முறை.

செல்பேசி ஆம்ப்ளிஃபையருக்கு அருகில் இருக்கும்போது, அழைப்பு வருவதற்குச் சற்று முன் 'டிட்-டிட்-டிட்' என்று ஒலிப்பதைப் பலர் கேட்டிருப்பார்கள். 2ஜி முறையில் செல்பேசி தொடர்ச்சியாக அல்லாமல் வினாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலை வீசுகிறது. அந்தத் துடிப்பை ஆம்ப்ளிஃபையரின் டிரான்சிஸ்டர்கள் ஒலியாக மாற்றிவிடுகின்றன. செல்பேசியை ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே போதும்.

கரகரப்பும் சடசடப்பும் பெரும்பாலும் தொடுப்புகளின் வேலை. வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அதற்குள் தூசும் ஆக்ஸைடும் படிந்திருக்கின்றன. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை உள்ளே அடித்து, குமிழை இருபுறமும் பலமுறை திருப்பினால் சரியாகும். பூட்டுக்கும் கதவுக்கும் போடும் எண்ணெய் இதற்கு ஆகாது, அது தூசை ஈர்த்துக் காரியத்தைக் கெடுக்கும். ஸ்பீக்கர் ஒயரின் முனையில் பிரிந்து நிற்கும் ஒரேயொரு செம்பு இழை பக்கத்து முனையத்தைத் தொட்டாலும் சத்தம் அறுந்து அறுந்து வரும், ஆம்ப்ளிஃபையருக்கும் ஆபத்து. ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கோளாறு என்றால், இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிஃபையரில் இடம் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். கோளாறு அதே ஸ்பீக்கரிலேயே தங்கினால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ காரணம். அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபையரோ அதற்கு முந்தைய பகுதியோ காரணம்.

'டிர்ர்ர்' என்ற அதிர்வைத் தேடுவதற்கு, முன்பு சொன்ன ஒலி எழுப்பும் செயலியையே ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, மிதமான வால்யூமில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஏதோ ஒரு எண்ணில் அறையில் உள்ள ஏதோ ஒன்று கூடவே அதிரத் தொடங்கும். அந்த எண்ணிலேயே ஒலியை நிறுத்தி வைத்துவிட்டு, அறையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்த்தால் அகப்பட்டுவிடும்: ஷோகேஸின் கண்ணாடிக் கதவு, இரும்பு பீரோவின் கைப்பிடி, ஜன்னலின் தளர்ந்த கொக்கி, அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள். பெரும்பாலும் ஒரு சிறு துண்டு ஃபெல்ட் துணியோ ரப்பரோ இதைத் தீர்த்துவிடும்.

அறையில் எதுவும் அகப்படாமல் அதிர்வு ஸ்பீக்கருக்குள்ளிருந்தே வந்தால், முன்மூடியைக் கழற்றி, கோன் எனப்படும் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பார்க்க வேண்டும். அது ஃபோம் வகையாக இருந்தால், நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஆண்டுகள் செல்லச் செல்ல உளுத்து, விரல் பட்டாலே உதிரும் நிலைக்கு வந்துவிடும். ரப்பர் வளையங்கள் இவ்வளவு எளிதில் கெடுவதில்லை. வளையம் நன்றாக இருந்தால், செட்டை அணைத்துவிட்டு, நான்கு விரல்களைக் கூம்பின் நடுவைச் சுற்றிச் சம தூரத்தில் வைத்து மிக மென்மையாக உள்ளே அழுத்தி விட வேண்டும். சத்தமின்றி வழுக்கிக்கொண்டு போய் வந்தால் நல்லது. 'சரக் சரக்' என்று உரசினால், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் இடைவெளியில் நடுவிலிருந்து விலகி உராய்கிறது என்று பொருள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் விசாரித்தால் கோன் மாற்றித் தருபவர்கள் கிடைப்பார்கள். அப்படி மாற்றும்போது கெட்டுப்போன ஒன்றுக்கு மட்டும் மாற்றாமல் இடது, வலது இரண்டுக்கும் ஒரே வகையாக மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டின் இறுக்கமும் வேறுபட்டு, அடித்தொனி ஒரு பக்கம் மட்டும் கனத்துக் கேட்கும்.